ஆடிட்டருக்குப் போகும் கவர்

திருவண்ணாமலையில் புதிதாக இன்சூரன்ஸ் ஏஜென்சி எடுக்கும் பிள்ளைகள் எல்லோர் வாயிலும் ஒரே பேச்சு. "ஆடிட்டரோ டாக்டரோ, யார் கேஸ் அனுப்பினாலும் ஒரு பங்கு கொடுத்துடலாம் சார். ரெஃபரல் ஃபீஸ்னு வவுச்சர் போட்டு பேங்க்ல அனுப்பிட்டா சட்டப்படி சரி." யார் சொன்னது என்று கேட்டால், சீனியர் சொன்னாராம். அந்த சீனியர் சட்டத்தைப் படித்தாரா?

1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 40-ஆவது பிரிவில் சுற்றி வளைக்கும் பேச்சே கிடையாது. வியாபாரம் பிடித்துக் கொடுத்ததற்காக, முறைப்படி அனுமதி பெற்ற ஏஜென்ட், இடைத்தரகர் தவிர வேறு எவருக்கும் ஊதியமோ வெகுமதியோ தரக்கூடாது. கமிஷன் என்ற பெயரிலும் கூடாது, வேறு பெயரிலும் கூடாது. தீபாவளிக்குப் போகும் வெள்ளி விளக்கும் கேஸுக்குக் கைமாறு என்றால் இதற்குள் அடக்கம். பேங்க் வழியாகப் போனது, டிடிஎஸ் பிடித்தாயிற்று என்பதெல்லாம் பாதுகாப்பே இல்லை. அந்த வவுச்சர்தான் உங்களுக்கு எதிரான முதல் சாட்சி.

வாங்குகிற ஆடிட்டருக்கும் ஆபத்து உண்டு. 1949-ஆம் ஆண்டு சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட்ஸ் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி, புரோக்கர், ஏஜென்ட் போன்றவர்களின் தொழில் வருமானத்தில் பங்கு வாங்குவது தொழில் ஒழுங்கீனம். அவருடைய சான்றிதழுக்கே உலை வைத்துவிட்டு நட்பு என்று சொல்லாதீர்கள்.

இதில் யாருக்கு நஷ்டம் என்பதை மார்ச் மாதத்தில் பார்க்கலாம். தேரடி வீதிப் பக்கம் கடை வைத்திருப்பவர் வரிக் கணக்கோடு ஆடிட்டரிடம் போகிறார். "80சி-யில் கழிக்கலாம், இந்த பாலிசியைப் போடுங்க" என்கிறார் ஆடிட்டர். புதிய வரி முறையில் 80சி கழிவே கிடையாது. கடைக்காரர் அந்த முறையில்தான் இருக்கிறார். ஆண்டுக்கு 1 லட்சம் கட்ட ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். தன் ஆடிட்டர் சொன்னதால் நம்பினார். அந்தச் சொல்லுக்கு விலை பேசியாயிற்று என்பது அவருக்குத் தெரியாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவது சலுகை அல்ல. இன்சூரன்ஸ் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி கொடுப்பதும் தவறு, வாங்குவதும் தவறு. 500 ரூபாயாக இருந்த அபராத உச்சவரம்பை 2015 திருத்தம் 10 லட்சமாக்கியது. மனைவி பெயரில் ஏஜென்சி எடுக்கலாமா? அவரே பரீட்சை எழுதி, அவரே வேலை செய்தால் எடுக்கலாம். வண்டி ஷோரூமில் இன்சூரன்ஸ் விற்கிறார்களே என்றால், அவர்களுக்கு 2017 முதல் தனி விதிமுறை இருக்கிறது. கேஸ் பிடிக்கும் திறமை உள்ள நண்பர் இருந்தால் பிஓஎஸ் (பாயின்ட் ஆஃப் சேல்ஸ்) ஆளாகப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்ச்சி, 15 மணி நேரப் பயிற்சி, ஒரு தேர்வு, அவ்வளவுதான். நேர் வழி இருக்கும்போது கவர் எதற்கு?

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. கிரிவலப் பாதையில் பூக் கட்டி விற்கும் பெண்களுக்கும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கும் இன்சூரன்ஸ் பற்றிச் சொல்ல யாரும் வருவதில்லை. அங்கே பங்கு போட ஒன்றுமில்லை. பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய். ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய். விபத்தில் இறந்தால் ஒவ்வொன்றிலும் 2 லட்சம் குடும்பத்துக்குக் கிடைக்கும். பேங்கில் கணக்கு இருந்தால் போதும். விபத்துக் காப்பீட்டுக்கு வயது 18 முதல் 70. ஆயுள் காப்பீட்டில் 50 வயதுக்குள் சேர வேண்டும். மே கடைசி வாரத்தில் கணக்கிலிருந்து பணம் எடுப்பார்கள். அதற்குள் உங்கள் தெருவில் பத்துப் பேரிடமாவது சொல்லி, கணக்கில் அந்தத் தொகையை வைத்திருக்கச் செய்யுங்கள்.