புளூட்டோவை நிறுத்த தராசு

வானத்தில் உலவும் ஒரு கோளத்தை நிறுத்துப் பார்க்கத் தராசு ஏது? அக்கோளத்தைச் சுற்றிவரும் சந்திரனே அதற்குத் தராசாம். இவ்வுண்மையை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

1930-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள லோவெல் வானாராய்ச்சி நிலையத்தில் கிளைடு டாம்பா என்னும் இளைஞர் புளூட்டோவைக் கண்டுபிடித்தார். அது பூமியையொத்த நிறையுடையதெனச் சிலர் கருதினர். பின்னர் அம்மதிப்பு வரவரக் குறைந்தது. ஆயினும் அது சிறு ஒளிப்புள்ளியாகவே தோன்றினமையின், ஐயந்திரிபற எவராலும் கூறக்கூடவில்லை.

1978-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்கக் கடற்படை வானாராய்ச்சி நிலையத்தைச் சார்ந்த ஜேம்ஸ் கிறிஸ்டி என்பார் புளூட்டோவின் போட்டோத் தகடுகளை நுணுகி அளந்துகொண்டிருந்தார். சிலவற்றில் அதன் பிம்பம் ஒருபுறம் புடைத்திருந்தது. தூரதிருஷ்டிக் கண்ணாடி அசைந்ததால் நேர்ந்த குற்றமென அதனைத் தள்ளிவிடுதல் எளிது. அங்ஙனமாயின் அதே தகட்டிலுள்ள நட்சத்திரங்களும் நீண்டிருத்தல் வேண்டுமன்றோ? அவையோ வட்டமாகவே இருந்தன. மேலும் அப்புடைப்பு இடம் மாறி, 6.39 நாட்களுக்கொருமுறை பழைய நிலையை அடைந்தது. புளூட்டோவின் ஒளி கூடிக் குறையும் காலமும் அதுவேயென முன்னரே அறியப்பட்டிருந்தது. ஆதலின் அஃது ஒரு சந்திரனெனத் துணிந்து, சரோன் எனப் பெயரிட்டனர். 1985 முதல் 1990 வரை அவ்விரண்டும் ஒன்றையொன்று மறைத்தமை காணப்படவே, ஐயம் அறவே நீங்கிற்று.

இனிக் கணக்கிடுவோம். நமது சந்திரன் 3,84,400 கிலோமீட்டர் தூரத்தில் 27.3 நாட்களில் ஒருமுறை சுற்றுகிறது. சரோன் 19,600 கிலோமீட்டர் தூரத்தில் 6.39 நாட்களில் சுற்றுகிறது. நியூட்டனது விதிப்படி, தூரத்தின் கனத்தைக் காலத்தின் வர்க்கத்தால் வகுக்க வரும் ஈவுக்கு நேர்விகிதமாயிருப்பது இரு கோளங்களின் மொத்த நிறையாகும். பூமியின் சந்திரனது தூரம் சரோனுடையதைப்போல் 19.61 மடங்கு; அதன் கனம் ஏறக்குறைய 7,540. காலம் 4.27 மடங்கு, அதன் வர்க்கம் ஏறக்குறைய 18.2. முன்னதைப் பின்னதால் வகுக்க 414 கிடைக்கும். எனவே புளூட்டோவும் சரோனும் சேர்ந்த நிறை, பூமியும் சந்திரனும் சேர்ந்த நிறையில் 414-இல் ஒரு பங்கேயாம்.

2005-ஆம் ஆண்டில் ஈரிஸ் என்னும் கோளமும் அதன் சந்திரனாகிய டிஸ்னோமியாவும் கண்டுபிடிக்கப்பட்டன. அச்சந்திரனைக்கொண்டு, ஈரிஸ் புளூட்டோவினும் நூற்றுக்கு 27 பங்கு மிகுந்த நிறையுடையதென 2007-இல் அறிந்தனர். இதற்கிடையே, 2006-இல் அவ்விரு கோளங்களும் குறுங்கோள்களென வகுக்கப்பட்டன.

மாணவ நண்பர்களே, நமது சோதனைச் சாலையிலும் எதிர்பாராத அளவொன்று கிடைத்தால் அதனை உடனே அழித்துவிட நாம் விரைகிறோம். அழிக்குமுன், அருகிலுள்ள நட்சத்திரங்கள் வட்டமாயிருக்கின்றனவா என்று ஒருமுறை நோக்குவோமாக.