வெட்டாமல் விட முடியாது

திருவனந்தபுரத்தில் பலகை விளையாட்டு என்று தொடங்கினால் பேச்சு செஸ்ஸில்தான் போய் நிற்கும். 2015இல் கிராண்ட்மாஸ்டர் ஆகி, 2022 மாமல்லபுரம் ஒலிம்பியாடில் இந்திய அணிக்கு ஆடிய எஸ்.எல். நாராயணன் இந்த ஊர்க்காரர். அந்த வெளிச்சத்தில் செக்கர்ஸ் "செஸ் வராத பிள்ளைகளுக்கு" என்று ஒதுக்கப்படுகிறது. சாலைக் கடைத்தெருவில் செக்கர்ஸ் கேட்டு, நட்சத்திரப் பலகை கைக்கு வந்தாலும் வியப்பில்லை. அது சைனீஸ் செக்கர்ஸ். 1892இல் ஜெர்மனியில் வந்த அதற்கும் சீனாவுக்கும் உறவில்லை, இந்த ஆட்டத்துக்கும் உறவில்லை.

வீட்டிலுள்ள செஸ் பலகையே போதும். வலது கை மூலை வெள்ளையாக இருக்கட்டும். ஆளுக்கு 12 காய், கறுப்புக் கட்டங்களில் மட்டும். கேரம் காய் நிறத்துக்கு 9தான், பற்றாது. சோடா மூடிகளைச் சேர்த்து வையுங்கள். ஒருவர் கவிழ்த்து வைக்கட்டும், மற்றவர் நிமிர்த்தி.

"வெட்டுவதும் விடுவதும் நம் இஷ்டம்." புதியவர்களைக் கெடுப்பது இந்த ஒரு நம்பிக்கைதான். வெட்ட வழியிருந்தால் வெட்டியே ஆக வேண்டும். இரண்டு வழி இருந்தால் எதை எடுப்பது என்பது மட்டும் உங்கள் விருப்பம். இது ஏதோ கண்டிப்புக்காக வைத்த விதி இல்லை. ஆட்டத்தின் உயிரே இதில்தான். உங்கள் காய் ஒன்றை எதிராளியின் வாயில் வேண்டுமென்றே கொண்டுபோய் வைக்கிறீர்கள். அவர் மறுக்க முடியாது. வெட்டித் தாண்டி, நீங்கள் நினைத்த கட்டத்திலேயே வந்து உட்காருகிறார். அவர் காய் கிளம்பிய இடம் காலி. அடுத்து உங்கள் காய் ஒரே ஓட்டத்தில் இரண்டை வாரிக்கொண்டு போகிறது. எதிராளியின் கையைக் கொண்டே அவர் காயை நகர்த்தும் இந்த வித்தை செஸ்ஸில் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது. வீட்டில் "பரவாயில்லை, விடு" என்று ஆடிப் பழகிய பிள்ளைக்கு இது கடைசிவரை பிடிபடாது.

"ஓரம் பத்திரம்." ஓரத்துக் காயை வெட்ட முடியாது, சரிதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரே ஒரு கட்டம், நடுவில் நிற்பதற்கு இரண்டு. நகர்த்த வழியில்லாதவர் தோற்றார் என்பதும் விதி. பின்வரிசையைத் தொடவே கூடாது என்பதும் இதே பயம்தான். வலமிருந்து 1ஆம், 3ஆம் காய்கள் நின்றாலே போதும், தனியாக வரும் எதிராளிக் காய் ஒன்று உங்கள் பின்வரிசையை எட்டி ராஜாவாக முடியாது.

ராஜா எவ்வளவு தூரமும் பாயுமா? 10×10 பலகையில், ஆளுக்கு 20 காய் வைத்து ஆடும் சர்வதேச வகையில் பாயும். நம் 64 கட்டத்தில் ஒரு கட்டம்தான். பின்னாலும் போகலாம் என்பதே அதன் சலுகை. சண்டை வருமுன் பேசிக்கொள்ளுங்கள்.

"கணினி தீர்த்துவிட்டதே, இனி என்ன இருக்கிறது?" கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் குழு 1989இல் தொடங்கி 2007இல் முடித்தது. இருவரும் பிழை செய்யாவிட்டால் டிரா, இதுதான் விடை. பலகையில் வரக்கூடிய நிலைகள் ஏறத்தாழ 5க்குப் பின் 20 சுழியங்கள் போட்ட எண்ணிக்கை. அதே குழுவின் சினூக் நிரலை 1992இல் மேரியன் டின்ஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் 4-2 என வென்றார், 33 ஆட்டம் டிரா. பிழை செய்யாத இருவர் சோடா மூடியோடு உட்காரும் திண்ணை எதையும் நான் கண்டதில்லை.