நிதிக் குறைப்பும் மாணவர் கற்றலும்

தேசிய வருமானத்தில் 6 சதவீதத்தைக் கல்விக்குச் செலவிட வேண்டும் என்று டாக்டர் டி. எஸ். கோத்தாரி தலைமையிலான கல்விக் குழு 1966ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. 1968, 1986, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கைகள் மூன்றும் இந்த இலக்கை ஏற்றுக்கொண்டன. ஆயினும் இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. ஒதுக்கப்பட்ட தொகையே ஆண்டின் இடையில் குறைவதும் உண்டு. கொரோனா பெருந்தொற்று பரவிய 2020-21ஆம் ஆண்டில், சமக்ர சிக்ஷா திட்டத்திற்கு மத்திய வரவு செலவுத் திட்டத்தில் சுமார் 38,750 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. திருத்திய மதிப்பீட்டில் அது சுமார் 28,000 கோடி ரூபாயாகக் குறைந்தது. அடுத்த ஆண்டின் ஒதுக்கீடு சுமார் 31,000 கோடி ரூபாய் மட்டுமே.

இத்தகைய குறைப்பு ஏற்படும்போது மாவட்டக் கல்வி நிர்வாகம் எதைக் காப்பது, எதைத் தள்ளிவைப்பது என்பது ஆராயத்தக்க கேள்வியாகும்.

வெட்டு எங்கே விழுகிறது?

பள்ளிக் கல்விச் செலவில் பெரும்பகுதி ஆசிரியர் ஊதியமே. அதை மாவட்ட அலுவலர் மாற்ற இயலாது, மாற்றவும் கூடாது. எனவே குறைப்பின் சுமை முழுவதும் எஞ்சியுள்ள சிறு இனங்களின்மீது விழுகிறது. ஆசிரியர் பயிற்சி, வாசிப்பு நூல்கள், பள்ளி மானியம், குறுவள மைய ஒருங்கிணைப்பாளர்களின் பயணப்படி ஆகியவை அந்த இனங்கள். கட்டடம் பாதியில் நின்றால் அனைவர் கண்ணிலும் படும். பள்ளிப் பார்வை நின்றுபோனால் எவரும் முறையிடுவதில்லை. ஆகவே கண்ணுக்குத் தெரியாத செலவு முதலில் வெட்டப்படுகிறது.

இதன் விளைவைக் குழந்தைகளே ஏற்க நேரிடுகிறது. பிரதம் அமைப்பு ஊரகப் பகுதிகளில் நடத்தும் அசர் ஆய்வின்படி, அரசுப் பள்ளிகளின் மூன்றாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்க முடிந்தவர்கள் 2018இல் 20.9 சதவீதம், 2022இல் 16.3 சதவீதம், 2024இல் 23.4 சதவீதம். மீட்சி மகிழ்ச்சிக்குரியதே. எனினும் நால்வரில் மூவருக்கும் மேல் இன்னும் பின்தங்கியே உள்ளனர். வாசிக்க இயலாமல் நான்காம் வகுப்புக்குச் செல்லும் குழந்தைக்கு அறிவியலும் சமூக அறிவியலும் எட்டாக்கனியாகவே இருக்கும்.

அனுபவம் காட்டும் வழி

மும்பையிலும் வடோதராவிலும் 2001 முதல் 2003 வரை நடத்தப்பட்ட 'பாலசகி' முயற்சி இங்கு குறிப்பிடத்தக்கது. பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்பு மாணவர்களில் 15 முதல் 20 பேரை, அப்பகுதியைச் சேர்ந்த படித்த இளம்பெண் ஒருவர் நாள்தோறும் சுமார் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி அடிப்படைத் திறன்களைக் கற்பித்தார். பொருளியல் அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ முதலியோர் இதனை மதிப்பிட்டனர். இரண்டாம் ஆண்டு முடிவில் மாணவர்களின் சராசரி மதிப்பெண் 0.28 திட்டவிலக்க அளவுக்கு உயர்ந்திருந்தது. ஒரு குழந்தைக்கு ஆண்டொன்றுக்கு ஆன செலவு சுமார் 2.25 டாலர் மட்டுமே.

குறைந்த செலவில் கற்றலை உயர்த்த முடியும் என்பது இதனால் தெளிவாகிறது. ஆனால் அரசுப் பள்ளி ஆசிரியர்களைக் கொண்டே இதைச் செய்ய இயலுமா? பீகாரின் அனுபவம் இக்கேள்விக்கு விடை தேட உதவுகிறது. 2008ஆம் ஆண்டு கோடை முகாமில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் குழந்தைகளின் நிலைக்கேற்பக் கற்பித்தபோது முன்னேற்றம் காணப்பட்டது. ஆனால் பள்ளி ஆண்டின்போது பயிற்சியும் கருவிகளும் மட்டும் வழங்கப்பட்ட இடங்களில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை. ஆசிரியருக்குத் திறமை இல்லாமை இதற்குக் காரணமன்று. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய அன்றாட நெருக்கடியில் புதிய முறைக்கு நேரம் கிடைக்கவில்லை.

அரியானாவில் 2012-13இல் இக்குறை நீக்கப்பட்டது. பள்ளி நேரத்தில் இதற்கென ஒரு மணி நேரம் ஒதுக்கப்பட்டது. அந்நேரத்தில் மாணவர்கள் வகுப்பு வாரியாக அன்றி, கற்றல் நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டனர். மேற்பார்வை அலுவலர்கள் முதலில் தாங்களே சில நாள்கள் வகுப்பெடுத்துப் பழகினர். பின்னர் பள்ளிகளுக்குச் சென்று ஆசிரியர்களுக்கு வழிகாட்டினர். மொழித்திறனில் 0.15 திட்டவிலக்க அளவு முன்னேற்றம் கிடைத்தது. பயிற்சி ஒன்றே போதாது. ஒதுக்கப்பட்ட நேரமும் தொடர்ந்த பார்வையும் அதனுடன் சேர வேண்டும் என்பதே இவ்விரு மாநிலங்களின் அனுபவம் தரும் பாடம்.

மாவட்டம் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒரு மணி நேர நிலைவாரிக் கற்பித்தலை எந்நிலையிலும் கைவிடலாகாது. இதற்குத் தனிக் கட்டடமோ புதிய பணியிடமோ தேவையில்லை. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 மாணவர் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அங்கே ஐந்து வகுப்புகளையும் ஏற்கெனவே இருவரே நடத்துகின்றனர். வகுப்புக்குப் பதிலாக நிலையைக் கொண்டு குழு பிரிப்பது அத்தகைய பள்ளிக்குச் சுமையைக் கூட்டாது.

இரண்டாவதாக, ஒருங்கிணைப்பாளரின் பயணப்படியைக் காக்க வேண்டும். தொகை சிறிது; அது நின்றால் ஏற்படும் இழப்போ பெரிது. படிவங்களை நிரப்பும் பணியைக் குறைத்து, அவர் பள்ளியில் செலவிடும் நாள்களைக் கூட்டுதல் நலம்.

மூன்றாவதாக, பள்ளி மானியத்தை உரிய காலத்தில் வழங்க வேண்டும். சமக்ர சிக்ஷா விதிமுறைப்படி 30க்கு மேல் 100 வரை மாணவர் உள்ள பள்ளிக்கு ஆண்டு மானிய வரம்பு 25,000 ரூபாய். ஜூலையில் கிடைத்தால் அத்தொகை வாசிப்பு நூலாகும். மார்ச்சில் கிடைத்தால் அவசரச் செலவுச் சீட்டாகும்.

நான்காவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவிடம் உண்மை நிலையை வைக்க வேண்டும். அக்குழு உறுப்பினரில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் என்பது சட்டம். எத்தனை குழந்தைகள் வாசிக்கின்றனர் என்னும் எளிய கணக்கைப் பெற்றோர் அறிந்தால், பள்ளி வளர்ச்சித் திட்டம் சுவரும் வண்ணமும் பற்றியதாக மட்டும் நின்றுவிடாது.

எல்லைகள்

இம்முறைகளுக்கும் வரம்பு உண்டு. பாலசகியின் பயன், திட்டத்தை விட்டு வெளியேறி ஓராண்டு கழித்துச் சுமார் 0.1 திட்டவிலக்க அளவாகக் குறைந்தது. ஆகவே ஓராண்டு முயற்சி போதாது. மேலும், சிறு மதிப்பூதியத்தில் பணிபுரியும் இளைஞர்களைக் கொண்டு காலியான ஆசிரியர் பணியிடங்களை ஈடுசெய்ய முனைவதும் தவறாகும். சிக்கனமான முறை உள்ளது என்பது நிதியைக் குறைப்பதற்குரிய நியாயம் ஆகாது. கிடைக்கும் நிதியை முறையாகச் செலவிடுவதற்கான வழி மட்டுமே அது.

2021ஆம் ஆண்டு ஜூலையில் தொடங்கப்பட்ட நிபுண் பாரத் இயக்கம், 2026-27ஆம் ஆண்டிற்குள் ஒவ்வொரு குழந்தையும் மூன்றாம் வகுப்பு முடிவில் அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும் பெற வேண்டும் என்று இலக்கு வகுத்தது. அடுத்த ஆண்டு நிதி கூடலாம். ஆனால் இவ்வாண்டு மூன்றாம் வகுப்பில் அமர்ந்துள்ள குழந்தை அதுவரை காத்திருக்க இயலாது. செலவினங்களைக் குறைக்கும் கோப்பில் கையொப்பமிடுமுன், எந்த இனம் அக்குழந்தையின் வாசிப்போடு நேரடியாகத் தொடர்புடையது என்று ஆராய்வது மாவட்ட நிர்வாகத்தின் முதற் கடமையாகும்.