எந்த பாஸ் என்று கேட்டீர்களா? சிங்கப்பூர் வேலைக்குக் கடன் கொடுக்கும் முன்



புதுக்கோட்டை, தஞ்சாவூர், திருவாரூர், சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் உள்ள குழுக்களில் அடிக்கடி வரும் கடன் கோரிக்கை இது. "பையன் சிங்கப்பூர் போறான் அக்கா. ஏஜெண்ட் பணம் கேக்குறாரு. குழுவுல கொஞ்சம் குடுங்க, மீதிக்கு நகையை வைக்கிறேன்."

நாமும் கேட்கிறோம். எவ்வளவு வேண்டும்? எத்தனை தவணை? யார் ஜாமீன்? இதெல்லாம் தீர்மான நோட்டில் ஏறுகிறது. ஆனால் முக்கியமான ஒரு கேள்வியைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். "எந்த பாஸ்ல போறான்?"

பாஸின் பெயரைப் பொறுத்துத்தான் சம்பளம், வேலை, எத்தனை வருஷம், குடும்பம் போகலாமா என்பதெல்லாம் அமையும். கடன் அடையுமா என்பதும் அதில்தான் இருக்கிறது. இந்த மாதப் பாடம் இதுதான்.

1. மூன்று வகை அனுமதி

சிங்கப்பூரில் வெளிநாட்டார் வேலை செய்ய அந்த நாட்டு மனிதவள அமைச்சகம் அனுமதி தர வேண்டும். அங்கே அதை எம்.ஓ.எம். என்பார்கள். விண்ணப்பம் போடுவது முதலாளி அல்லது அவர் சார்பில் ஏஜென்சி. நாமாகப் போய் வாங்க முடியாது.

வொர்க் பர்மிட்: நம் ஊர்ப் பிள்ளைகள் பெரும்பாலும் போவது இதில்தான். கட்டிட வேலை, கப்பல் பட்டறை, எண்ணெய் ஆலைப் பராமரிப்பு போன்ற வேலைகள். கட்டிட வேலைக்கு இங்கேயே திறன் தேர்வில் தேற வேண்டும். இதைத்தான் 'டெஸ்ட் அடிக்கிறது' என்கிறோம். டெஸ்ட் பாஸ் ஆனாலே வேலை கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. பர்மிட் பொதுவாக 2 வருஷம் வரை தருவார்கள், பிறகு புதுப்பிக்க வேண்டும். மனைவி மக்களைக் கூட்டிப்போய்க் குடிவைக்க முடியாது.

எஸ் பாஸ்: டிப்ளமோ, பட்டம், தொழில் அனுபவம் உள்ளவர்களுக்கு. இதற்குக் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. 2025 செப்டம்பர் முதல் புது விண்ணப்பத்துக்கு மாதம் 3,300 சிங்கப்பூர் டாலர். வயது கூடினால் இந்தத் தொகையும் கூடும்.

எம்ப்ளாய்மெண்ட் பாஸ்: பொறியாளர், மேலாளர் போன்ற பெரிய வேலைகளுக்கு. 2025 ஜனவரி முதல் புது விண்ணப்பத்துக்குக் குறைந்தது 5,600 டாலர். படிப்பு, சம்பளம் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

இந்தத் தொகைகளை அந்த அரசு அவ்வப்போது உயர்த்தும். போகிற நேரத்தில் உள்ள தொகையை விசாரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது யோசித்துப் பாருங்கள். "எஸ் பாஸ்தான், சம்பளம் 900 டாலர்" என்று ஒருவர் சொன்னால் அது நடக்கிற காரியமா? 900 டாலருக்கு எஸ் பாஸ் கிடையாது. காகிதத்தில் ஒரு சம்பளம், கையில் ஒரு சம்பளம் என்று ஏதோ இருக்கிறது. பாஸின் பெயரும் சம்பளமும் தெரிந்தால் இந்தப் பொய்யை நாமே கண்டுபிடித்துவிடலாம்.

இன்னொன்று. "இப்போ விசிட்டுல போகட்டும், அங்க போய் மாத்திக்கலாம்" என்பார்கள். சுற்றிப் பார்க்கும் அனுமதியில் போய் வேலை செய்வது அங்கே குற்றம். பிடிபட்டால் தண்டனை வேலை செய்தவருக்கும் உண்டு.

2. பெண்கள் வீட்டு வேலைக்குப் போனால்

இதற்கும் வொர்க் பர்மிட்தான், ஆனால் விதிகள் தனி. புதிதாகப் போகிறவருக்கு வயது 23க்குக் குறையாமலும் 50க்கு உட்பட்டும் இருக்க வேண்டும். குறைந்தது 8 வருஷம் பள்ளியில் படித்திருக்க வேண்டும். 6 மாதத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை உண்டு.

வாரம் ஒரு நாள் ஓய்வு உரிமை. அந்த நாளில் வேலை செய்யச் சம்மதித்தால் அதற்குத் தனியாகக் கூலி தர வேண்டும். ஆனாலும் 2023 முதல் மாதத்தில் ஒரு நாளாவது கட்டாயம் ஓய்வு தந்தே ஆக வேண்டும். அதைப் பணம் கொடுத்துச் சரிக்கட்ட முடியாது. "உன் சம்பளத்தை நானே பத்திரமா வெச்சிருக்கேன்" என்று முதலாளி சொல்வதும் 2019 முதல் கூடாது. மாதாமாதம் கையில் வர வேண்டும்.

3. ஐ.பி.ஏ. கடிதத்தைப் படியுங்கள்

விண்ணப்பம் ஏற்கப்பட்டதும் ஒரு கடிதம் வரும். அதை ஐ.பி.ஏ. என்கிறார்கள். வொர்க் பர்மிட்டுக்குப் போகிறவருக்கு அவர் தாய்மொழியிலும் இது வரும். ஏஜெண்ட் போனில் காட்டிவிட்டு மூடிவிடக் கூடாது. நகல் நம் கையில் இருக்க வேண்டும். அதில் பார்க்க வேண்டியவை:

- முதலாளி அல்லது கம்பெனியின் பெயர்
- என்ன வேலை
- அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, படி எவ்வளவு
- சம்பளத்தில் எதற்காக, எவ்வளவு பிடிப்பார்கள்
- ஏஜென்சிக் கட்டணம் எவ்வளவு என்று எழுதியிருக்கிறது

கடிதத்தில் உள்ள சம்பளத்தை முதலாளி தன்னிஷ்டத்துக்குக் குறைக்க முடியாது. தொழிலாளி எழுத்தில் சம்மதிக்க வேண்டும், அமைச்சகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். அதனால் அங்கே போனதும் புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடக் கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

கடிதம் உண்மையா என்பதை எம்.ஓ.எம். இணையதளத்திலேயே பார்க்கலாம். படித்த பிள்ளைகளிடமோ கம்ப்யூட்டர் சென்டரிலோ கேட்டால் பார்த்துச் சொல்வார்கள். ஐ.பி.ஏ. என்பது பர்மிட் அல்ல என்பதும் நினைவிருக்கட்டும். அங்கே போய் மருத்துவப் பரிசோதனையில் தேறி, கைரேகை பதிந்த பிறகுதான் பர்மிட். உடம்பில் நோய் இருப்பதை மறைத்துப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். கடன் மட்டும் நம்மிடம் நிற்கும்.

4. யார் எதற்குப் பணம் கட்ட வேண்டும்?

வெளிநாட்டுத் தொழிலாளியை வைத்துக்கொள்ள முதலாளி மாதாமாதம் அரசுக்கு ஒரு வரி கட்டுகிறார். அதை லெவி என்பார்கள். வொர்க் பர்மிட்டில் வரும் ஒவ்வொரு இந்தியத் தொழிலாளிக்கும் 5,000 டாலர் பிணையும் கொடுக்கிறார். மருத்துவக் காப்பீடும் அவர் எடுக்க வேண்டும். இவை எதையும் தொழிலாளி சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. வேலை கொடுப்பதற்கோ பர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி பணம் வாங்குவதும் அங்கே குற்றம்.

சிங்கப்பூர் ஏஜென்சி வாங்கும் கட்டணத்துக்கு வரம்பு இருக்கிறது. ஒரு வருஷ ஒப்பந்தத்துக்கு ஒரு மாதச் சம்பளம். எத்தனை வருஷமானாலும் 2 மாதச் சம்பளத்துக்கு மேல் வாங்கக் கூடாது.

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்டுகள்தான் வெளிநாட்டுக்கு ஆள் எடுக்கலாம். அவர்கள் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும். பதிவு எண்ணை மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் சரிபார்க்கலாம். "நான் அவருக்கு ஆள் பிடிச்சுக் குடுக்குறவன்" என்று ஊருக்குள் வருகிற இடைத்தரகருக்குப் பதிவு கிடையாது. பெரிய பணம் போவது பெரும்பாலும் இவர் கையில்தான்.

5. ஒரு கணக்குப் போடுவோம்

இது உதாரணம்தான். உங்கள் வீட்டு எண்களை வைத்து நீங்களும் போட்டுப் பாருங்கள்.

சம்பளம் மாதம் 600 டாலர், ஒரு டாலர் 65 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 39,000 ரூபாய். சாப்பாடு, போன் செலவுக்கு 16,250 போனால் மீதி 22,750. இங்கே வீட்டுச் செலவுக்கு 7,750 எடுத்தால் கடனுக்குக் கட்ட முடிந்தது 15,000.

ஏஜெண்டுக்குக் கொடுக்க வெளியில் 2 வட்டிக்கு 3 லட்சம் வாங்கினால், முதல் மாத வட்டியே 6,000. அடைக்க 26 மாதம் ஆகும். பர்மிட்டோ 24 மாதம்! புதுப்பிக்காமல் திருப்பி அனுப்பினால் கடனோடுதான் வந்து இறங்க வேண்டும். குழுவில் 1 வட்டிக்கு வாங்கினாலும் 23 மாதம். அதாவது 2 வருஷ உழைப்பில் ஏறக்குறைய எல்லாமே கடனுக்குத்தான்.

அதே ஆள் 2 மாதச் சம்பளமான 78,000 ரூபாயோடு போயிருந்தால்? 2 வட்டி என்றாலும் 6 மாதத்தில் கடன் தீர்ந்துவிடும்.

அதே வேலை, அதே சம்பளம். வித்தியாசம் ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தில் மட்டும்தான். இந்தக் கணக்கைப் போடாமல் கொடுக்கும் கடன், உதவி மாதிரி தெரிந்தாலும் அந்தக் குடும்பத்துக்குச் சுமைதான்.

6. வளைகுடா, மலேசியா போனால்

பத்தாம் வகுப்பு தேறாதவர்களின் பாஸ்போர்ட் இ.சி.ஆர். வகை. அவர்கள் சவுதி, குவைத், துபாய், மலேசியா போன்ற நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். இந்த வகைப் பெண்களுக்கு 30 வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டு வேலைக்கு 2016 முதல் தனியார் ஏஜெண்ட் அனுப்பக் கூடாது. அரசு நிறுவனங்கள் வழியாகத்தான் போக வேண்டும். நம் மாநிலத்தில் சென்னையில் உள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இதைச் செய்கிறது.

சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை. விமான நிலையத்தில் இந்த அனுமதியைக் கேட்க மாட்டார்கள். நம் பக்கத்தில் ஒரு தடுப்பு குறைவு என்பதால்தான் வீட்டிலும் குழுவிலும் நாமே காகிதத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

7. போன இடத்தில் பிரச்சனை என்றால்

சம்பளம் வரவில்லை என்றால் காத்துக்கொண்டே இருக்கக் கூடாது. வேலையை விட்டபின் 6 மாதத்துக்குள் அங்கே புகார் கொடுக்க வேண்டும். எம்.ஓ.எம்., வெளிநாட்டு ஊழியர் நிலையம், இந்தியத் தூதரகம் ஆகியவற்றை அணுகலாம். வீட்டு வேலைப் பெண்களுக்கு 2016 முதல் தனி நிலையமும் இருக்கிறது. இங்கே சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத் துறையும் உள்ளன. பாஸ்போர்ட், ஐ.பி.ஏ., ஏஜெண்டுக்குக் கொடுத்த பணத்தின் ரசீது ஆகியவற்றின் நகல் வீட்டில் ஒரு பையில் இருக்கட்டும். நகல் இருந்தால்தான் புகார் நிற்கும்.

இந்த மாதக் கூட்டத்தில் பேசுங்கள்

- நம் குழுவில் வெளிநாட்டு வேலைக்காகக் கடன் வாங்கியவர்கள் எத்தனை பேர்? அடைக்க எத்தனை மாதம் ஆனது?
- பாஸின் பெயர், ஐ.பி.ஏ. நகல், ஏஜெண்டின் பதிவு எண் ஆகிய மூன்றும் பார்த்த பிறகே இந்தக் கடன் தருவது என்று தீர்மானம் போடலாமா?
- ஏஜெண்டுக்கு ரொக்கமாகக் கொடுக்காமல் வங்கி வழியாகக் கொடுத்து ரசீது வாங்க முடியுமா?

"கடன் குடுக்க மாட்டோம்னு சொல்றீங்களா?" என்று யாராவது வருத்தப்படலாம். "இல்லம்மா, கடன் உண்டு. காகிதத்தைக் கொண்டா, எல்லாரும் உக்காந்து படிப்போம், அப்புறம் குடுக்குறோம்" என்று பதில் சொல்லுங்கள். அந்த அரை மணி நேரப் படிப்பு ஒரு வீட்டு நகையைக் காப்பாற்றும்.