கீழே நிற்கிறவருக்கும் ஒரு பாலிசி

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய கல்யாண வீடியோ வந்தது. பொதட்டூர்பேட்டைத் தறிக் கொட்டகைகளின் கூரைக்கு மேலே ஏறி, மாப்பிள்ளை அழைப்பு திரும்பும் தெருமுனையில் வந்து இறங்குகிறதே, அந்த ஷாட்டை மூன்று முறை ஓட்டிப் பார்த்தேன். உனக்குக் கை வந்துவிட்டது. மூன்றாவது முறை மட்டும் கண் வேறிடத்துக்குப் போயிற்று. கம்பத்திலிருந்து மாடி வீட்டுக்கு இழுத்திருக்கும் சர்வீஸ் வயர். உன் டிரோன் அதற்கு ஒரு முழம் தள்ளித்தான் போகிறது. கீழே தாம்பாளத்தோடு பெண்கள்.

பல வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வயரில்தான் நான் மாட்டினேன். ஊர்வலம் முழுக்க ஃபிரேமுக்குள் வரவேண்டும் என்று டிரோனைப் பின்னோக்கியே ஓட்டிக்கொண்டு போனேன். பின்னால் இருப்பதைத் திரையில் பார்க்க முடியாது. இறக்கை வயரைத் தொட்டது, டிரோன் ஒரு பெரியவரின் தோளில் விழுந்தது. நான்கு தையல். அவர் என்னைத் திட்டவில்லை, “பாத்து ஓட்டுப்பா” என்றார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிச் செலவு என் கையிலிருந்து போனது. அது கண்ணில் பட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றும் நினைத்துப் பார்க்கிறேன்.

“இன்சூரன்ஸ் இருக்குண்ணா” என்று போனில் சொன்னாய். கடையில் கொடுத்தது, உடைந்தால் மாற்றித் தரும் திட்டம். அது உன் மெஷினுக்கு. அடிபட்டவருக்கு அதில் ஒரு ரூபாய் கிடையாது. 2021 ஆகஸ்டில் வந்த டிரோன் விதிகள் கேட்பது தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸை. பைக்குக்கு எடுக்கிறோமே, அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் ஏற்பாட்டைத்தான் டிரோனுக்கும் பொருத்தியிருக்கிறார்கள். 250 கிராமுக்குள் இருக்கும் நானோ வகைக்கு மட்டும் விலக்கு.

அந்த விலக்கை நம்பித்தான் நம் பையன்கள் பலர் 249 கிராம் டிரோனை வாங்குகிறார்கள். நானோவுக்குப் பைலட் சான்றிதழும் வேண்டாம், உண்மைதான். ஆனால் பறக்கும்போது இருக்கும் மொத்த எடைதான் கணக்கு. பெரிய பேட்டரியைப் போட்டாய், இறக்கைக்குக் காப்பு மாட்டினாய் என்றால் 250-ஐத் தாண்டி அது மைக்ரோ ஆகிவிடும். மைக்ரோவைப் பொழுதுபோக்குக்கு ஓட்ட சான்றிதழ் கேட்கமாட்டார்கள். நீ அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு ஓட்டுகிறாய், அது தொழில். சான்றிதழ் வேண்டும், இன்சூரன்ஸ் வேண்டும். நானோவே ஓட்டினாலும் பாலிசி எடு என்பேன். நூறடி உயரத்திலிருந்து விழும் கால் கிலோ, சட்டத்தில் விலக்கு உண்டா என்று பார்த்துவிட்டு விழாது.

பாலிசி எடுத்தால் மட்டும் போதாது. டிரோன் பதிவாகி அடையாள எண் இருக்கிறதா, ஓட்டியவரிடம் சான்றிதழ் இருக்கிறதா, பறந்தது அனுமதி உள்ள இடமா என்று கிளெய்ம் வரும்போது கேட்பார்கள். ஒன்று இல்லையென்றாலும் கை விரித்துவிட அவர்களுக்குக் காரணம் கிடைத்துவிடும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோன் இறக்குமதிக்குத் தடை இருக்கிறது. பில் இல்லாமல் யாராவது மலிவாகத் தந்தால் தொடாதே. விதியை மீறினால் ஒரு லட்சம் வரை அபராதம் உண்டு. சான்றிதழுக்குப் பத்தாவது தேறி 18 வயது ஆகியிருந்தால் போதும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகமே பயிற்சி தருகிறது. ஒருமுறை வாங்கினால் 10 வருடம் செல்லும்.

நம் ஊர்ப்பக்கம் இன்னொன்று. அரக்கோணத்தில் கடற்படையின் ராஜாளி விமானத்தளம் இருக்கிறது. திருத்தணிப் பக்கம் ஆர்டர் வந்தால், ஒப்புக்கொள்ளும் முன் மத்திய அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தைத் திறந்து பார். பச்சை மண்டலம் என்றால் 400 அடி வரை முன் அனுமதி தேவையில்லை. மஞ்சள், சிவப்பு என்றால் அனுமதி வாங்காமல் எழுப்பாதே. ஆந்திர எல்லை தாண்டி நகரிக்குப் போனால் போலீஸ் ஸ்டேஷன்தான் வேறு, விதி மத்திய அரசுடையது, மாறாது. ஆடிக் கிருத்திகையன்று மலைக்குக் காவடி ஏறும் கூட்டத்தின் தலைக்கு மேல் மட்டும், யார் எவ்வளவு கொடுத்தாலும், ஓட்டாதே.

உன் மாமா மருந்து தெளிக்கும் டிரோன் வாங்கப்போவதாகச் சொன்னாய். பத்து லிட்டர் டேங்க் என்றால் அது இரண்டு கிலோவுக்கு மேற்பட்ட சிறு வகை. காற்றில் களைக்கொல்லி பறந்து பக்கத்து வயல் வேர்க்கடலை கருகினால் பாலிசி தருமா என்று கேட்டு, எழுத்தில் வாங்கச் சொல்.

தை முகூர்த்தத்துக்கு உனக்கு நான்கு ஆர்டர் இருக்கிறது என்றாய். அதற்குள் பாலிசி எடுத்து, எல்லாப் பக்கத்தையும் எனக்கு வாட்ஸப்பில் அனுப்பு. முதல் பக்கம் மட்டும் போதாது. மூன்றாம் நபருக்கு எத்தனை ரூபாய் என்று எந்தப் பக்கத்தில் போட்டிருக்கிறார்கள் என்று சேர்ந்து தேடுவோம்.

அன்புடன்,
அண்ணன்