இரவில் காலுக்குள் ஊர்கிறதா? மருத்துவரிடம் மறைக்காதீர்கள்



இஷா தொழுதுவிட்டுப் படுத்ததும் காலுக்குள் ஏதோ ஊர்வதுபோல் இருக்கும். எழுந்து நடந்தால் அடங்கும்; படுத்தால் மறுபடி தொடங்கும். இது வெறும் அசதி அல்ல, நோய். 1945-இல் சுவீடன் மருத்துவர் எக்போம் இதை விரிவாக எழுதினார்.

முதலில் பார்க்க வேண்டியது இரும்புச்சத்து. ஹீமோகுளோபின் சரியாக இருந்தாலும் உடலின் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கலாம். ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனை அதைக் காட்டும். குறைவாக இருந்தால், மருத்துவர் தரும் இரும்பு மாத்திரையிலேயே பலருக்குக் குணம் தெரியும்.

அடுத்தது கபாபென்டின், பிரீகாபலின். இவற்றால் தலைசுற்றல் வரலாம், முதியவர்கள் கவனம். பிரமிபெக்சோல், ரோபினிரோல் முதலில் நன்றாகக் கேட்கும். நாளடைவில் நோயையே கூட்டிவிடலாம். சிலருக்குச் சூதாட்ட வெறியையும் தூண்டும்.

எனவே, சொல்லக் கூச்சப்படுபவற்றையும் மருத்துவரிடம் சொல்லிவிடுவோம்: மருந்துக்கடையில் நாமே வாங்கிய அவில், மனநல மாத்திரை, குடிப்பழக்கம், செல்போன் ரம்மி, பாதியில் நிறுத்திய மருந்து. வீட்டார் முன் தயக்கமானால், தனியே பேசக் கேட்கலாம். இம்மருந்துகள் பெரும்பாலும் இரவில் எடுப்பவை. நோன்புக்காக நாமாக நிறுத்த வேண்டாம்.

அல்லாஹ் நம் அனைவருக்கும் ஷிஃபா தருவானாக, ஆமீன்.