பழைய நண்பரைத் தேடுவது எப்படி?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரி பூமி. மழை பொய்த்தால் பிழைப்புக்காக ஊரை விட்டுப் போவது அங்கே புதிதல்ல. அப்படிப் போனவர்களில் உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்த நண்பரும் இருக்கலாம். அவரிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து முப்பது வருடம் ஆகியிருக்கலாம். வீட்டில் புதிதாக வந்துள்ள கம்ப்யூட்டரைக் கொண்டு அவரைத் தேட முடியுமா? முடியும். ஆனால் பெயரை மட்டும் டைப் செய்து என்டர் தட்டினால் அதே பெயரில் ஆயிரம் பேர் வருவார்கள். அவர்களில் உங்கள் நண்பரைப் பிரித்துக் காட்டுவது உங்கள் ஞாபகம்தான்.

முதலில் பேப்பர், பேனா

கம்ப்யூட்டரை ஆன் செய்யும் முன் தெரிந்ததை எல்லாம் எழுதுங்கள். இனிஷியல், அது யார் பெயர், அப்பாவின் தொழில், தெரு, பள்ளி, பத்தாம் வகுப்பு முடித்த வருடம், அண்ணன் தம்பிகளின் பெயர்கள் என எதையும் விட வேண்டாம். பழைய கடித உறை இருந்தால் தபால் முத்திரையையும் பின்கோடையும் பாருங்கள். உறையில் ‘ராமநாதபுரம் மாவட்டம்’ என்றிருந்தால் குழம்ப வேண்டாம். 1985ல் மாவட்டம் பிரிக்கப்படும் வரை இந்த ஊர்கள் அதில்தான் இருந்தன. பிறகு காமராஜர் மாவட்டம் ஆகி, இப்போது விருதுநகர் மாவட்டம்.

சின்ன ஞாபகமும் உதவும்

சாரு பிரையர்லி என்பவரின் கதை இதற்கு நல்ல உதாரணம். 1986ல் ஐந்து வயதில் ரயிலில் ஏறித் தூங்கிப்போய் கொல்கத்தாவில் தொலைந்தவர். ஆஸ்திரேலியத் தம்பதியர் அவரைத் தத்தெடுத்தனர். பெரியவரானதும் ரயிலில் இருந்த நேரத்தையும் ரயிலின் வேகத்தையும் கணக்கிட்டு, கொல்கத்தாவைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். கூகுள் எர்த்தில் ரயில் பாதைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஸ்டேஷன் அருகே இருந்த தண்ணீர்த் தொட்டி ஞாபகத்தில் இருந்தது. 2011ல் மத்தியப் பிரதேசத்தின் கண்ட்வாவில் சொந்த ஊரைக் கண்டுபிடித்து, 2012ல் தாயைச் சந்தித்தார்.

நண்பர் குடியிருந்த தெருவின் பெயர் மறந்துவிட்டதா? கூகுள் எர்த்தில் திருச்சுழி சென்று திருமேனிநாதர் கோயிலிலிருந்தோ, விருதுநகர் - மானாமதுரை ரயில் பாதையிலிருந்தோ நடந்து போவது போல் மவுஸை நகர்த்துங்கள். தெரு பிடிபட்டால், விசாரிக்க வேண்டிய இடமும் தெரிந்துவிடும்.

பெயரை எப்படி டைப் செய்வது?

தமிழ்ப் பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டல் கிடையாது. சண்முகம் என்பதில் ‘க’வுக்குச் சிலர் ஜி போடுவார்கள், சிலர் கே. திருச்சுழியின் ‘ழி’க்கு எல் போடுபவரும் உண்டு, இசட் எச் போடுபவரும் உண்டு. எல்லா விதமாகவும் தேடுங்கள், தமிழிலும் டைப் செய்து தேடுங்கள். இனிஷியலை முன்னால் போட்டு ஒருமுறை, பின்னால் போட்டு ஒருமுறை, அப்பா பெயராக விரித்து ஒருமுறை தேடவும். பெயரை இரட்டை மேற்கோள் குறிக்குள் கொடுத்து, பக்கத்தில் ஊர் அல்லது பள்ளியின் பெயரைச் சேர்த்தால் வேண்டாத முடிவுகள் குறையும்.

தோழியைத் தேடுகிறீர்கள் என்றால் திருமணத்திற்குப் பின் இனிஷியல் மாறியிருக்கலாம். அவருடைய சகோதரர்களின் பெயரில் தேடுவதே சுலபம்.

எங்கே தேடுவது?

தமிழ்நாடு தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் வாக்காளர் பட்டியல்கள் பிடிஎப் பைல்களாக உள்ளன. மாவட்டம், தொகுதி, பாகம் எனத் தேர்ந்தெடுத்து டவுன்லோட் செய்யவும். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், வயது இருக்கும். பக்கங்கள் படமாக இருந்தால் கன்ட்ரோல் எப் அழுத்தித் தேட இயலாது. பொறுமையாகக் கண்ணால்தான் படிக்க வேண்டும். நண்பர் ஊரில் இல்லாவிட்டாலும் அவர் தம்பி இருக்கலாம்.

பேஸ்புக்கில் ஊர்ப் பெயரிலும் பள்ளியின் பெயரிலும் குழுக்கள் உள்ளனவா என்று பாருங்கள். அதில் பழைய வகுப்பு போட்டோ ஒன்றைப் போட்டால் பத்துப் பேர் வந்து பெயர் சொல்வார்கள். போன் நம்பரைக் கொடுத்து ஆளைத் தேடும் வசதியை பேஸ்புக் 2018ல் நிறுத்திவிட்டது. முன்பு பலரும் பயன்படுத்திய ஆர்குட் 2014ல் மூடப்பட்டுவிட்டது.

கிடைத்துவிட்டால்?

உடனே பணம், ஆதார் எண் என்று யாராவது கேட்டால் பதில் தர வேண்டாம். இருவருக்கு மட்டுமே தெரிந்த ஒரு பள்ளிக்கூடச் சம்பவத்தைக் கேளுங்கள். உண்மையான நண்பர் சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார்.

நண்பரின் விலாசத்தையோ போன் நம்பரையோ பொது இடத்தில் எழுதிவிடாதீர்கள். கடன், குடும்பத் தகராறு என்று ஏதோ காரணத்தால் அவர் ஊரை விட்டு ஒதுங்கியிருக்கலாம். எனவே உறவினர் யாராவது கிடைத்தால் அவரிடம் நண்பரின் நம்பரைக் கேட்காமல் உங்கள் நம்பரைக் கொடுங்கள். “இன்னார் விசாரித்தார் என்று சொல்லுங்கள்” என்பது போதும். பேசுவதா வேண்டாமா என்பதை அவரே முடிவு செய்யட்டும்.